தேய்க்கும் விரல் எழுதவும் கற்கட்டும்

(தாராவியில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கைப்பேசியும் நம் பிள்ளைகளும்" என்ற தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடனேயே, இங்கே இருக்கும் தாய்மார்கள் பலர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். "எந்நேரமும் போனைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான், நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிட்டுப் போங்கள்" என்று அந்த முகங்கள் சொல்லின. உங்களை ஏமாற்றுவதற்காக என்னை மன்னிக்க வேண்டும். தேய்ப்பதை நிறுத்து என்று சொல்ல நான் வரவில்லை. தேய்க்கிற அந்த விரல் எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். கைப்பேசிக்குள் ஓடுகிறதே "ஆப்" என்று நம் பிள்ளைகள் சொல்லும் செயலி, அதை உருவாக்கும் வித்தை தாராவியிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. இதே தாராவியில் சிறுமிகள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், இது ஏன் நமக்கு வேண்டும் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நம் வாழ்வு எங்கே பதிவாகிறது?

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு அவர்கள் டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் அது. அப்போது கைப்பேசி என்பது சேட்டுகளின் கையில் இருந்த பொருள். வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். இன்று? கார்கானாவில் தோல் வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர் கையில் இருக்கிறது. 2016-இல் யுபிஐ வந்தது. அதன் பிறகு இட்லிக்காரரின் கல்லாவே போனுக்குள் போய்விட்டது.

வசதி என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் 2020-ஐ மறந்துவிட்டோமா? ஊரடங்கில் வேலை போயிற்று, கையிருப்புக் கரைந்தது. ஊருக்குப் போகலாம் என்றால் தமிழ்நாட்டு எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். அந்த இ-பாஸ் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல், தெரிந்தவர்களைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகளின் வகுப்பு போனுக்குள் போயிற்று. வீட்டில் போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று. அந்த ஒன்றையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் படிப்பு நின்றது. முதலில் நின்றது யாருடைய படிப்பு? மூத்த பெண்ணின் படிப்பு.

பிறகு 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் மறுகுடியமைப்புக்கான கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். வாசலில் எண் எழுதினார்கள். சந்துகளை லேசர் ஒளிக் கருவியால் அளந்தார்கள். வீடு வீடாக வந்து, கையில் வைத்திருந்த கருவியில் நம் பெயரையும் ஆவணங்களையும் பதிந்துகொண்டார்கள். அது நல்ல திட்டமா, கெட்ட திட்டமா என்று வாதிக்க இன்றைய கூட்டம் கூடவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. நம் தாத்தா காலத்துக் கோலியைப் பற்றி அந்தக் கருவியில் என்ன பதிந்தார்கள், அது எங்கே போய்ச் சேர்ந்தது, அதை வைத்து முடிவு எப்படிப் பிறக்கிறது என்று விளக்கிச் சொல்ல நம் சந்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

நிரல் என்றால் என்ன?

செயலிக்குள் இருப்பது நிரல். புரோகிராம் என்கிறோமே, அதுதான். அதில் மந்திரம் எதுவும் கிடையாது. அது ஒரு கட்டளைப் பட்டியல். "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்." இதுதான் அதன் முதுகெலும்பு.

தாராவிக்காரருக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. தரைத் தளத்தில் 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ குடியிருந்ததற்குச் சான்று இருந்தால், தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை என்றால், தாராவிக்கு வெளியே வீடு, பணம் கட்ட வேண்டும். மாடிக் கோலி என்றால் வேறு வழி. இது அரசு வகுத்த விதி. இந்த விதியைக் கருவி புரிந்துகொள்ளும் வடிவில் எழுதினால் அது நிரல். விதி ஒருவர் கையில், நிரல் இன்னொருவர் கையில், நாம் தருகிற விவரம் மூன்றாவது. இந்த மூன்றில் எதில் பிழை நேர்ந்தாலும் விடை பிழையாகத்தான் வரும். மாடியில் இருப்பவரைக் கீழே என்றும், கீழே இருப்பவரை மாடி என்றும் ஒரே ஒரு கட்டத்தில் மாற்றிக் குறித்தால் போதும், ஒரு குடும்பத்தின் தலைவிதி மாறும். கருவி பொய் சொல்லாது என்று நம்புகிறவர் வாய் மூடித் திரும்பி வருவார். நிரல் அறிந்த பிள்ளை அந்தக் குடும்பத்தில் இருந்தால், "என் பதிவின் நகலைக் காட்டுங்கள், எந்தக் கட்டத்தில் என்ன குறித்தீர்கள்?" என்று கேட்கும். தோழர்களே, அந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் பேசுகிறேன்.

இன்னொரு உதாரணம். துண்டு வேலை செய்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். பை தைக்கிறீர்கள், பெல்ட் தைக்கிறீர்கள், சட்டைக்குக் காஜா போடுகிறீர்கள். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது என்ன நடக்கிறது? "நீ சொல்வது 340, என் நோட்டில் இருப்பது 310" என்கிறார் முதலாளி. நோட்டு அவருடையது, ஆகவே அவர் சொல்வதே கணக்கு. இதற்கு ஒரு செயலி எழுதலாம். திரையில் நான்கு கட்டம்: தேதி, வேலை, எத்தனை உருப்படி, உருப்படிக்கு எத்தனை ரூபாய். கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் அன்றைய கூலி வரும். வாரக் கூட்டுத்தொகை வரும். அன்றன்று முதலாளிக்கும் ஒரு செய்தி போகும். ஏழாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். இந்தச் செயலியை நமக்காகப் பெரிய நிறுவனம் எதுவும் எழுதித் தரப் போவதில்லை. நமக்கு அது வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அலையும் சந்தும்

கம்பி இல்லாமல் பேச்சும் கணக்கும் எப்படிப் போகின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரத்தைத் தேனடை போலச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் வைக்கிறார்கள். அந்த வட்டாரத்துக்குப் பெயர்தான் "செல்". செல்போன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நீங்கள் ரயிலில் சயானிலிருந்து தாதருக்குப் போகும்போது ஒரு கோபுரம் உங்களை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கிறது. பேச்சு அறுபடுவதில்லை.

ஆனால் நம் சந்துகளில்? தகரமும் காங்கிரீட்டும் அடர்ந்து, வானமே ஒரு கீற்றாகத் தெரிகிற இடத்தில் அலை மெலிந்துவிடும். செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்கிற ஜிபிஎஸ்ஸும் அங்கே தடுமாறும். அடுத்த சந்தைக் காட்டும். கீழ்க் கோலிக்கும் அதன் மேலுள்ள மாடிக் கோலிக்கும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். ஆகவே இங்கே ஓட வேண்டிய செயலி அலை இல்லாதபோது விவரத்தைப் போனிலேயே சேமித்து வைக்க வேண்டும், அலை கிடைத்தவுடன் அனுப்ப வேண்டும். இடத்தைப் புள்ளியால் மட்டும் சொல்லாமல் தளத்தையும் தனியாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது உடனே தோன்றாது. இந்தச் சந்தில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. நம் ஏழ்மையைக் குறையாக மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். இந்த வித்தையில் அது ஓர் அறிவாகவும் இருக்கிறது.

தாராவிச் சிறுமிகள் செய்தது

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். நவ்நீத் ரஞ்சன் என்ற திரைப்படக் கலைஞர் தாராவியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தார். படம் எடுத்தோம், போனோம் என்று இருந்துவிடாமல், "தாராவி டைரி" என்ற பெயரிலேயே நயா நகர்ப் பகுதியில் சிறுமிகளுக்கு ஒரு கற்கும் இடத்தைத் தொடங்கினார். அங்கே பள்ளிச் சிறுமிகள் செயலி உருவாக்கக் கற்றார்கள். அவர்கள் உருவாக்கியவை என்னென்ன தெரியுமா? பெண்ணுக்கு ஆபத்து வந்தால் ஒலி எழுப்பி, இருக்கும் இடத்தைத் தெரிந்தவர்களுக்குச் செய்தியாக அனுப்பும் செயலி ஒன்று. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தன் முறை எப்போது என்று சொல்லும் செயலி ஒன்று. பள்ளிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலிருந்தே பாடம் கற்கச் செயலி ஒன்று.

தாய்மார்களே, கவனியுங்கள். ஆபத்து, தண்ணீர், படிப்பு. அந்தச் சிறுமிகளிடம் யாரும் தலைப்புக் கொடுக்கவில்லை, வாழ்க்கைதான் கொடுத்தது. குழாயடியில் குடத்தோடு நின்று பள்ளிக்குப் பிந்திப் போன பெண்ணுக்குத்தான் தண்ணீர்ச் செயலி தோன்றும். 2016 வாக்கில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இதை எழுதின. நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது? ஊருக்கெல்லாம் தெரிந்தது நம் வீட்டுக்குத் தெரியாமல் போவது நமக்குப் பழகிப்போன வியாதி.

அவர்கள் பயன்படுத்தியது "ஆப் இன்வென்டர்" என்ற கருவி. 2010-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது. 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. ஹால் ஏபல்சன் என்ற பேராசிரியர் இதற்கு மூல காரணமானவர். இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். பொருந்தாத கட்டை பொருந்தாது. பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். காசு கிடையாது. இணைய இணைப்புள்ள பழைய கணினி ஒன்றும், சோதித்துப் பார்க்க ஓர் ஆண்ட்ராய்டு போனும் போதும்.

மொழி ஒரு தடையா?

"எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் வராதே" என்பீர்கள். வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, அலுவலகத்தில் மராத்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஐந்தாவதாக ஒரு நிரல்மொழி பெரிய சுமையா? ஜாவா என்ற நிரல்மொழியில் கட்டாயமாகத் தெரிய வேண்டிய சொற்கள் சுமார் 50 மட்டுமே. மற்றதெல்லாம் ஒழுங்காக யோசிப்பது. யோசனை தாய்மொழியில்தான் வேர் பிடிக்கும்.

தமிழர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்களும் அல்லர். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழ் எழுத "முரசு அஞ்சல்" செய்தார். கைப்பேசியில் தமிழ் எழுதச் "செல்லினம்" என்ற செயலியை 2005-இல் சிங்கப்பூரில் வெளியிட்டார்கள். அப்போது ஐபோனும் இல்லை, ஆண்ட்ராய்டு போனும் இல்லை. இன்று நீங்கள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறீர்களே, அந்த வழியை வெட்டியவர்களில் ஒருவர் கடல் கடந்து போன தமிழ்க் குடியின் பிள்ளை. நம்மைப் போலப் பிழைப்புத் தேடிப் போனவர்களின் வழித்தோன்றல் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழிலேயே கற்கவும் வழி உண்டு. அதுவும் இதே மும்பையில். பவாய் ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய "ஸ்போக்கன் டுடோரியல்" என்ற திட்டம் இருக்கிறது. பத்து நிமிடப் பாடங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நாமும் செய்து பார்க்க வேண்டும். பல பாடங்களைத் தமிழில் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை.

படிக்கட்டு எப்படி?

முதல் படி, கட்டைகளைப் பொருத்தும் ஆப் இன்வென்டர். ஆறாம் வகுப்பு முதல் தொடங்கலாம். இரண்டாம் படி, எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஜாவா அல்லது பைதான் நிரல்மொழி. மூன்றாம் படி, "ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ". உண்மையான செயலி வேலை இதில்தான் நடக்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் கணினி சற்று வலுவாக இருக்க வேண்டும். 8 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்தால் பொறுமை போய்விடும், 16 இருந்தால் நல்லது. லாமிங்டன் சாலையில் பழைய கணினிகள் கிடைக்கும். வாங்கும்போது விஷயம் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். எழுதி முடித்த செயலியைக் கூகுளின் கடையில் வைக்க ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிள் கடை என்றால் ஆண்டுக்கு 99 டாலர். ஆகவே முதலில் ஆண்ட்ராய்டு போதும்.

முறையான படிப்பு வேண்டுமென்றால், பத்தாவது முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் "கோபா" என்ற ஓராண்டுப் பயிற்சி உண்டு, பாலிடெக்னிக்கில் டிப்ளமா உண்டு. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்தவர் ஜேஇஇ தேர்வு எழுதாமலேயே இதில் சேர முயலலாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். செயலி உருவாக்கம் அதில் ஒரு பாடம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. நம் கண்ணெதிரே மாட்டுங்காவில் விஜேடிஐ கல்லூரி இருக்கிறது. 1887-இல் தோன்றிய கல்லூரி. இங்கிருந்து நடந்தே போகலாம். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போன நம் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றால் அது யாருக்கு வெட்கம்?

ஒரு எச்சரிக்கை. "ஆறே மாதத்தில் லட்ச ரூபாய் சம்பளம்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அந்த இடங்களுக்குத் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். முதல் இரண்டு படிகளையும் காசில்லாமல் ஏறிப் பார்க்கட்டும். பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா, பிழை வந்தால் சலிக்காமல் தேடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.

வேலை கிடைக்குமா?

எல்லோருக்கும் கிடைக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். 2022-க்குப் பிறகு நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. வெறும் நிரலைத் தட்டச்சு செய்து பிழைக்கலாம் என்ற காலம் சுருங்குகிறது. ஆனால் அந்தக் கருவி எழுதியது சரியா என்று சோதிக்கவும், எதை எழுதச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கவும் அடிப்படை தெரிந்த மனிதர் வேண்டும். தெரியாதவர் கருவி சொன்னதைத் தலையில் சுமப்பார்.

இந்த நகரம் நமக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1982 ஜனவரி 18 அன்று இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆலை நிலங்களில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகம். இந்தியாவின் முதல் ஆப்பிள் கடையை 2023 ஏப்ரலில் அங்கேதான் திறந்தார்கள். அந்த மாளிகைகளுக்குத் துடைக்கவும் காவல் காக்கவும் சாப்பாடு கொண்டு போகவும் நம்மவர் போகிறார்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் ஆற்றின் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் ஒரே வகை வேலைதான் என்று யார் எழுதி வைத்தது?

சாப்பாடு கொண்டு போகும் நம் இளைஞனுக்கு மேலாளர் யார்? ஒரு செயலி. எந்த ஆர்டர் அவனுக்கு, எத்தனை ரூபாய், எப்போது அவன் கணக்கை மூடுவது என்பதில் நிரலின் கை இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களுக்காக 2023-இல் ராஜஸ்தானில் முதல் மாநிலச் சட்டம் வந்தது. 2025-இல் கர்நாடகத்தில் வந்த சட்டம், இத்தகைய தானியங்கி முடிவுகள் எப்படி நடக்கின்றன என்பதைத் தொழிலாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. சட்டம் விளக்கம் பெற்றுத் தரலாம். விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள நம்மிடம் ஆள் வேண்டும். சங்கத்துக்கு வழக்கறிஞர் எவ்வளவு தேவையோ, நிரல் அறிந்தவரும் இனி அவ்வளவு தேவை.

சங்கம் செய்ய வேண்டியது

முடிவாக, சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை சங்க அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பத்துக்குப் பத்து கோலியில், தம்பி அழ, தொலைக்காட்சி அலற, எந்தப் பிள்ளையாலும் நிரல் எழுத முடியாது. ஐந்து பழைய கணினிகள் போதும். விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள்.

இரண்டு: சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இருட்டிவிடும் என்று பெற்றோர் தயங்கினால் பெண்களுக்கு முன்னேரத்தை ஒதுக்குங்கள். தாய்மார்கள் முறை வைத்துத் துணைக்கு வாருங்கள். வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கற்றுக்கொண்டாலும் யாரும் தடுக்கப் போவதில்லை.

மூன்று: மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் வந்து சொல்லித் தரும்படி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். தாராவிக்கு வருவதென்றால் தயங்குகிறவர்களும் இருப்பார்கள். வந்து பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போய்விடும்.

நான்கு: முதல் ஆண்டில் ஒரே ஒரு செயலி. நான் சொன்னேனே, துண்டு வேலைக் கூலிக் கணக்கு, அதை முடித்துக் காட்டட்டும். தமிழில் இருக்க வேண்டும். அலை இல்லாத சந்திலும் ஓட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும். தன் பிள்ளை எழுதிய கணக்கை வைத்துத் தகப்பன் முழுக் கூலியைக் கேட்டு வாங்குகிற நாள் வரட்டும். அதன் பிறகு "போனைத் தேய்க்கிறான்" என்று எந்த வீட்டிலும் திட்டு விழாது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் தோல் பதனிடும் கைத்திறன் ஒன்றை மட்டும் கொண்டு இங்கே வந்தார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி ஓர் ஊரை உருவாக்கினார்கள். அவர்களுக்கு எந்தப் பள்ளியும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்தக் கையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வித்தை வராது என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள்.